வரைபடத்தாளில் புள்ளியைக் குறிப்பதும் படிப்பதும்

(3, −2) என்ற புள்ளியை வரைபடத்தாளில் குறிக்கச் சில நொடிகள் போதும். இரண்டு அச்சுகளும் வெட்டும் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3, அங்கிருந்து கீழே 2, ஒரு பொட்டு. இது தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவர் அரிது. ஆனாலும் விடைத்தாள்களில் புள்ளிகள் இடம் மாறி நிற்கின்றன. பொட்டு வைக்கும் நொடியில் நடக்கும் தவறு குறைவுதான். அச்சுகளை எங்கே வரைவது, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு கொடுப்பது என்று முடிவு செய்யும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. வைத்த புள்ளியைத் திரும்பப் படித்துப் பார்க்காததால் மீதித் தவறு கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

தாளும் பென்சிலும்

கடையில் கிடைக்கும் வரைபடத்தாளில் கோடுகள் மூன்று அழுத்தத்தில் அச்சாகியிருக்கும். தடித்த கோடுகளுக்கு இடையே 1 செ.மீ.; அதன் நடுவில், 5 மி.மீ.யில், சற்று அழுத்தமான ஒரு கோடு. மற்றவை 1 மி.மீ. இடைவெளியில் ஓடும் மெல்லிய கோடுகள். சில தாள்களில் நடுக்கோடு தனித்துத் தெரியாது. வேலையைத் தொடங்கும் முன் அளவுகோலை வைத்து 10 தடித்த கட்டங்கள் சரியாக 10 செ.மீ. வருகின்றனவா என்று பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் அது 9.7, 9.8 என்று சுருங்கியிருக்கக்கூடும். கட்டங்களை எண்ணிப் புள்ளி வைப்பவருக்கு இந்தச் சுருக்கத்தால் கெடுதல் இல்லை. அளவுகோலால் அளந்து வைப்பவருக்குப் புள்ளி நகர்ந்துவிடும். ஆகவே புள்ளி வைப்பது எப்போதும் அச்சிட்ட கட்டங்களைக் கொண்டுதான். அளவுகோல் கோடு இழுப்பதற்கு.

பென்சில் கூராக இருக்கட்டும். 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவில் 1 மி.மீ. அகலமுள்ள பொட்டு 0.1 அலகை விழுங்கிவிடும், 1 செ.மீ. = 10 அலகு என்றால் அதே பொட்டு முழுசாக ஓர் அலகை மறைக்கும். 0.5 மி.மீ. முனையுள்ள கிளட்ச் பென்சில் இதற்கு நல்லது. பொட்டின் அகலம் இடைஞ்சலாக இருந்தால், சிறிய பெருக்கல் குறி போடுங்கள்: இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் புள்ளி, அதற்கு அகலமே கிடையாது. பேனாவால் அச்சு வரைந்துவிட்டு, ஆதிப்புள்ளி தவறான இடத்தில் இருக்கிறது என்று பிறகு தெரிந்தால் புதுத்தாள்தான் வழி. அதனால் எல்லாமே பென்சிலில்.

அச்சு வரையும் முன்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் புள்ளிகளின் பட்டியலைப் பார்த்து நான்கு எண்களை ஓரத்தில் எழுதுங்கள்: எக்ஸ் (கிடைமட்ட) மதிப்புகளில் மிகச் சிறியது, மிகப் பெரியது, ஒய் (செங்குத்து) மதிப்புகளில் மிகச் சிறியது, மிகப் பெரியது.

எக்ஸ் −3 முதல் 5 வரை, ஒய் −4 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்வோம். தாளில் அகலவாக்கில் 18 பெரிய கட்டங்களும் உயரவாக்கில் 24 பெரிய கட்டங்களும் இருக்கின்றன. எக்ஸ் பரப்பு 8 அலகு, ஒய் பரப்பு 16 அலகு. 1 செ.மீ. = 1 அலகு என்றால் இரண்டும் அடங்கும். அகலத்தில் 10 கட்டங்கள் மீதி. அதை இருபுறமும் பகிர்ந்தால் இடப்பக்கம் 5. அதற்கு அப்பால் −3 தொடங்குகிறது, ஆகவே ஆதிப்புள்ளி இடது ஓரத்திலிருந்து 5 + 3 = 8-ஆவது கோட்டில். உயரத்தில் 8 கட்டங்கள் மீதி. கீழே 4 விட்டு, அதற்கு மேல் 4 சேர்த்தால், ஆதிப்புள்ளி அடியிலிருந்தும் 8-ஆவது கோட்டில்.

இந்தக் கணக்கைப் போடாமல் ஆதிப்புள்ளியைத் தாளின் நடு மையத்தில் வைப்பது பலருக்குப் பழக்கம். மேலே சொன்ன பட்டியலில் அப்படிச் செய்தால் ஒய் அச்சின் மேற்பகுதிக்கு 12 கட்டங்கள்தான் கிடைக்கும். 12 என்ற மதிப்பு தாளின் விளிம்பிலேயே வந்து நிற்கும், வளைவரையை அதற்கு மேல் கொஞ்சம் நீட்டிக் காட்ட இடமிருக்காது. கீழே 8 கட்டங்கள் வீணாகக் கிடக்கும்.

அச்சுகள் இரண்டும் தடித்த கோடுகளின் மேலேயே விழ வேண்டும். மெல்லிய கோட்டில் அச்சு போட்டால் அடுத்து வரும் எல்லா முழு எண்களும் மெல்லிய கோடுகளில்தான் விழும், கண் ஒவ்வொரு முறையும் தடுமாறும்.

அளவுத்திட்டம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்பது, தேர்ந்தெடுக்க ஒரு வகுத்தல் போதும். மொத்தப் பரப்பைக் கையிலுள்ள சென்டிமீட்டரால் வகுத்து, கிடைப்பதை 1, 2, 5, 10, 20, 50 என்ற வரிசையில் அடுத்த பெரிய எண்ணுக்கு உயர்த்துங்கள். ஒய் 0 முதல் 85 வரை, இடம் 20 செ.மீ. என்றால் 85 ÷ 20 = 4.25, அடுத்த எண் 5. ஆகவே 1 செ.மீ. = 5 அலகு. 85 வந்து நிற்பது 17 செ.மீ. உயரத்தில். ஒவ்வொரு மில்லிமீட்டரும் 0.5.

ஏன் 3 கூடாது? 1 செ.மீ. = 3 அலகு என்றால் ஒரு மில்லிமீட்டர் 0.3. அப்போது 10 என்ற எண் 3 செ.மீ.க்கு மேல் 3.33 மி.மீ.யில் இருக்கிறது, அந்த இடத்தில் தாளில் கோடே இல்லை. 7-உம் இதே கதைதான். 4-இல் வேலை செய்யலாம், ஒவ்வொரு மில்லிமீட்டரும் 0.4 என்பதால் மனக்கணக்கு இழுக்கும். தாளை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் 3-ஐத் தேர்ந்தெடுப்பதைவிட, கொஞ்சம் இடம் வீணானாலும் 5-ஐ எடுப்பதே மேல்.

இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறுவேறாக இருந்தால் இரண்டையும் தாளின் வலது மேல் மூலையில் தனித்தனியே எழுதுங்கள்: ‘எக்ஸ் அச்சு 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சு 1 செ.மீ. = 2 அலகுகள்’. புள்ளியைக் குறிக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். அடுத்தடுத்து அதைப் பார்த்துத்தான் வேலை செய்யப்போகிறீர்கள். வடிவங்களை வரையும்போது மட்டும் விதிவிலக்கு. சதுரம், வட்டம், கோணம் எதுவானாலும் இரண்டு அச்சிலும் அளவு ஒன்றாக இருந்தால்தான் வடிவம் வடிவமாக நிற்கும். இல்லையேல் சதுரம் செவ்வகமாகவும் வட்டம் முட்டையாகவும் தெரியும்.

அச்சில் எண்களை எழுதும்போது கோட்டுக்கு நேராக எழுதுங்கள், கட்டத்துக்கு நடுவில் எழுத வேண்டாம். எண் குறிப்பது கோட்டை. கட்டத்தின் நடுவில் 1, 2, 3 என்று எழுதியவர் பிறகு புள்ளியையும் கட்டத்தின் நடுவில்தான் வைப்பார்.

புள்ளி வைக்கும் முறை

வரிசைச் சோடியில் முதல் எண் கிடைமட்டம், இரண்டாவது எண் செங்குத்து. இதில் பேரம் இல்லை. (2, 5), (5, 2) இரண்டும் வெவ்வேறு புள்ளிகள். ஆதிப்புள்ளி வழியாக 45 பாகையில் சாய்ந்து மேலேறும் கோட்டின் இருபுறமும் ஒன்றையொன்று பிரதிபலித்து நிற்கும். எண்களை மாற்றி வைத்தவரின் படம் முழுக்க இந்தக் கோட்டின் மேல் கவிழ்ந்திருக்கும். நேராக எழ வேண்டிய வளைவரை பக்கவாட்டில் படுத்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

(−4, 3) என்ற புள்ளியை எடுங்கள். பென்சில் முனையை ஆதிப்புள்ளியில் வையுங்கள். முதல் எண்ணின் குறியைப் பாருங்கள்: குறை, ஆகவே இடப்பக்கம். எண்ணத் தொடங்குவது ஆதிப்புள்ளியை விட்டு அடுத்த கோட்டிலிருந்து, ஆதிப்புள்ளி பூஜ்ஜியம். அதையே ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டால் புள்ளி ஓர் அலகு உள்ளே தள்ளி நிற்கும். நான்காவது கோட்டில் நின்று இரண்டாவது எண்ணின் குறியைப் பாருங்கள்: மிகை, ஆகவே மேலே 3. அங்கே பொட்டு. பக்கத்தில் பெயரும் ஆயத்தொலைவும் எழுதுங்கள்: அ(−4, 3). எழுத்து புள்ளியின் மேல் ஏறாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

பொட்டு வைத்த கையோடு அதைத் திரும்பப் படியுங்கள், வேறு வழியாக. வைக்கும்போது ஆதிப்புள்ளியிலிருந்து புறப்பட்டீர்கள். படிக்கும்போது புள்ளியிலிருந்து புறப்படுங்கள். புள்ளியிலிருந்து நேர் கீழே எக்ஸ் அச்சுக்கு வந்தால் −4 என்ற எண் எழுதியிருக்கிறதா? புள்ளியிலிருந்து நேர் வலப்பக்கம் ஒய் அச்சுக்குப் போனால் 3 எழுதியிருக்கிறதா? அச்சில் எழுதிய எண்ணைப் படிப்பதால், எண்ணிக்கையில் விழுந்த பிழை உடனே தெரிந்துவிடும்.

அடுத்த புள்ளிக்கு மீண்டும் ஆதிப்புள்ளிக்கே போங்கள். முந்தைய புள்ளியிலிருந்து எண்ணிக்கொண்டு போவது வேகமாகத் தெரியும். ஆனால் ஒரு புள்ளி தவறினால் பின்னால் வரும் அத்தனையும் அதே அளவுக்குத் தவறிவிடும்.

அச்சின் மேலேயே விழும் புள்ளிகளில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். (0, 4) என்றால் பக்கவாட்டில் நகரவே வேண்டாம், மேலே 4. அது ஒய் அச்சின் மேல் இருக்கிறது. (4, 0) எக்ஸ் அச்சின் மேல். முதல் எண் 0 என்பதைக் கண்டதும் எக்ஸ் அச்சை நோக்கிக் கை போகும். அது நேர் எதிர்: எக்ஸ் பூஜ்ஜியமாக இருக்கும் இடம்தான் ஒய் அச்சு. அச்சுகள் தாளைப் பிரிக்கும் நான்கு கால்பகுதிகளில் எதையும் இந்தப் புள்ளிகள் சேர்ந்தவை அல்ல.

கால்பகுதிகளை மனப்பாடமாகச் சொல்வதைவிட, புள்ளி வைக்கும் முன் அவற்றைக் காவலாகப் பயன்படுத்துவது நல்லது. வலது மேல் முதல் கால்பகுதி, அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இரண்டு, மூன்று, நான்கு. குறிகள் முறையே (+, +), (−, +), (−, −), (+, −). பட்டியலில் ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் அது விழ வேண்டிய கால்பகுதியை 1, 2, 3, 4 என்று முதலிலேயே குறித்துவிட்டால், இடது கீழே போக வேண்டிய புள்ளி வலது கீழே போகாது.

குறை எண்கள்

1637-இல் ரெனே டெக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூலில், இன்று நாம் வரைகிற செங்குத்தான இரண்டு அச்சுகளும் நான்கு கால்பகுதிகளும் இல்லை. அவர் மிகை நீளங்களைக் கொண்டே வேலை செய்தார். பூஜ்ஜியத்துக்கு அந்தப்புறம் தயக்கமில்லாமல் நடக்கக் கணிதத்துக்கே காலம் பிடித்தது. மாணவர்கள் அங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. தடுமாறும் இடங்கள் இரண்டுதான்.

ஒன்று, அச்சில் எண் எழுதுவது. இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக எழுதிப் பழகிய கை, ஆதிப்புள்ளிக்கு இடப்பக்கத்திலும் −1, −2, −3 என்று ஓரத்திலிருந்து எழுதிவிடும். ஆதிப்புள்ளியை ஒட்டி −1 வர வேண்டும். விலகிப் போகப் போக −2, −3. கீழ்நோக்கிய ஒய் அச்சிலும் அப்படியே. எப்போதும் ஆதிப்புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாக எழுதுங்கள்.

இரண்டு, தசம எண்கள். −2.4 எங்கே? −2-ஐத் தாண்டி மேலும் இடப்பக்கம் 4 மி.மீ. சென்றால் வரும், அதாவது −2-க்கும் −3-க்கும் நடுவே. −2-இலிருந்து வலப்பக்கம் 4 மி.மீ. வந்தால் அது −1.6. படிக்கும்போது இதே குழி வேறு உருவில் வரும். −3 என்ற தடித்த கோட்டிலிருந்து வலப்பக்கம் 6 மி.மீ. எண்ணிவிட்டு −3.6 என்று எழுதிவிடுவார்கள். ஆதிப்புள்ளிக்கு அருகிலுள்ள தடித்த கோட்டைப் பிடித்து, அதிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணினால் இந்தத் தவறு நேராது.

படித்தல்

கொடுக்கப்பட்ட புள்ளியின் ஆயத்தொலைவைப் படிக்க, புள்ளியின் வழியாக எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக அளவுகோலை வைத்து, அச்சைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பிறகு ஒய் அச்சுக்கு. கண் நேர் மேலே இருக்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால், தடித்த அளவுகோலின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் வரை தள்ளித் தெரியும்.

மில்லிமீட்டரை மதிப்பாக மாற்றுவதில்தான் அதிகக் கவனம் தேவை. 1 செ.மீ. = 5 அலகு என்ற அச்சில் ஒரு புள்ளி 3 செ.மீ. 4 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. மதிப்பு 3.4 × 5 = 17. சிலர் 3.4 என்றே எழுதுவார்கள், அளவுத்திட்டம் மறந்துபோனது. சிலர் 15.4 என்பார்கள்; சென்டிமீட்டரைப் பெருக்கிவிட்டு மில்லிமீட்டரை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். சிலர் 19 என்பார்கள். ஒரு சிறு கட்டத்தை ஓர் அலகாக எண்ணியிருக்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: படிக்கத் தொடங்கும் முன் ‘ஒரு சிறு கட்டம் = எவ்வளவு’ என்று அச்சின் ஓரத்தில் எழுதிவைப்பது. இங்கே ஒரு சிறு கட்டம் 0.5; நான்கு கட்டம் 2; 15 + 2 = 17.

கோட்டின் மேல் கேட்கப்படும் இடைமதிப்பும் இதே முறைதான். ஒரு மீட்டர் துணி 120 ரூபாய் என்ற நேர்மாறல் (ஒன்று கூடினால் மற்றதும் அதே விகிதத்தில் கூடும்) வரைபடத்தில் எக்ஸ் அச்சு 2 செ.மீ. = 1 மீட்டர், ஒய் அச்சு 1 செ.மீ. = 50 ரூபாய் என்று கொள்வோம். மூன்றரை மீட்டர் விலை தெரிய வேண்டுமானால் எக்ஸ் அச்சில் 7 செ.மீ. சென்று, அங்கிருந்து செங்குத்தாகக் கோடு வரை ஏறி, ஏறிய இடத்திலிருந்து கிடையாக ஒய் அச்சுக்குப் போங்கள். 8 செ.மீ. 4 மி.மீ.யில் தொடும். ஒரு சிறு கட்டம் 5 ரூபாய், ஆகவே 420. ஏறிய வழியையும் திரும்பிய வழியையும் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். வரைபடத்திலிருந்துதான் விடை எடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

ஒரு முழுக் கணக்கு

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அதில் வரும் வகைக் கணக்கு ஒன்றை எடுப்போம்: ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3.

எக்ஸ் −2 முதல் 6 வரை எடுத்தால் கிடைக்கும் புள்ளிகள்: (−2, 15), (−1, 8), (0, 3), (1, 0), (2, −1), (3, 0), (4, 3), (5, 8), (6, 15).

அட்டவணையை ஒரே வரியில் மனத்தில் போட்டு முடிக்காமல் எக்ஸ்², −4எக்ஸ், +3 என்று மூன்று வரிசை போட்டுக் கூட்டுங்கள். தவறு நுழையும் வாசல் எக்ஸ் = −1. (−1)² என்பது 1; −4 × (−1) என்பது +4; கூட்டினால் 8. வர்க்கத்தை −1 என்று எழுதினால் 6 வரும். −4எக்ஸ்-ஐ −4 என்று எழுதினால் 0 வரும். இந்தப் புள்ளிகளைக் குறித்தால் வளைவரையின் இடது கை உடைந்து தெரியும்.

அந்த உடைப்பைக் கண்டுபிடிக்கத் தாளில் குறிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டியலை மறுபடி பாருங்கள்: எக்ஸ் = 2-க்கு இருபுறமும் ஒய் மதிப்புகள் 0, 3, 8, 15 என்று ஒன்றுபோல ஏறுகின்றன. இருபடிச் சமன்பாடு எதுவானாலும் அதன் வளைவரையில் இந்தச் சமச்சீர் இருந்தே தீரும். ஒருபக்கம் 8-உம் மறுபக்கம் 6-உம் இருந்தால் பென்சிலை எடுக்கும் முன்பே தவறு பிடிபட்டுவிடும்.

அளவுத்திட்டம்: எக்ஸ் 1 செ.மீ. = 1 அலகு; ஒய் 1 செ.மீ. = 2 அலகுகள். அப்போது 15 நிற்பது 7.5 செ.மீ. உயரத்தில், 3 நிற்பது 1.5 செ.மீ. உயரத்தில், −1 நிற்பது அச்சுக்குக் கீழே 5 மி.மீ.யில். இந்த −1-ஐ ஒரு முழு கட்டம் கீழே வைப்பது இந்த அளவுத்திட்டத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படி வைத்தால் வளைவரையின் அடி கூர்மையாகத் தொங்கும்.

புள்ளிகளை அளவுகோலால் இணைக்கக் கூடாது. கையை உள்வளைவுப் பக்கம் வைத்து, மணிக்கட்டைத் திருப்பி, மூன்று மூன்று புள்ளிகளாக மெல்லிய கோட்டில் இணைத்துப் பார்த்து, பிறகு ஒரே ஓட்டமாக அழுத்துங்கள். தாளை வேண்டியபடி திருப்பிக்கொள்ளலாம். (1, 0), (2, −1), (3, 0) ஆகியவற்றை ‘வி’ போல இணைக்காமல் உருண்டையாகத் திருப்ப வேண்டும்; அங்கே கை நடுங்கினால் எக்ஸ் = 1.5, 2.5 ஆகியவற்றுக்கு ஒய் மதிப்பு −0.75 என்று கண்டு இரண்டு துணைப்புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் சிறிது நீட்டி அம்புக்குறி போடுங்கள்.

இப்போது படிக்கலாம். வளைவரை எக்ஸ் அச்சை வெட்டும் இடங்கள் 1, 3; அவையே எக்ஸ்² − 4எக்ஸ் + 3 = 0 என்பதன் தீர்வுகள். ஒய் = 5 ஆக இருக்கும் இடம் எது? 2.5 செ.மீ. உயரத்தில் கிடைக்கோடு இழுத்தால் அது வளைவரையை இரண்டு இடங்களில் வெட்டும். எக்ஸ் மதிப்புகள் ஏறக்குறைய 4.4, −0.4. இயற்கணித வழியில் போட்டால் 4.449, −0.449, வரைபடம் தரும் விடை இந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 0.1 வரைதான் நம்பத்தக்கது. வெட்டும் இரண்டு மதிப்புகளையும் கூட்டினால் 4 வர வேண்டும், சமச்சீர் அச்சு 2 என்பதால். −0.4-ஐ −0.6 என்று தவறாகப் படித்தவருக்குக் கூடுதல் 3.8 வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்களைத் தாளில் வைத்துப் பார்ப்பது

கையில் பழக்கம் ஏற இதைவிட நல்ல பயிற்சி தெரியவில்லை, ஏனென்றால் விடை சரியா என்று எந்த வரைபட ஏட்டைத் திறந்தும் பார்த்துக்கொள்ளலாம். அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகள் தசம பாகையில்:

சென்னை 13.08, 80.27
கோயம்புத்தூர் 11.02, 76.96
திருச்சி 10.79, 78.70
மதுரை 9.93, 78.12
யாழ்ப்பாணம் 9.66, 80.01
கன்னியாகுமரி 8.08, 77.55

முதலிலேயே ஒரு பொறி இருக்கிறது. இங்கே முதலில் வருவது அட்சரேகை, அது செங்குத்து மதிப்பு, தீர்க்கரேகைதான் கிடைமட்டம். அதாவது இந்தச் சோடிகள் நம் வரிசைச் சோடிக்குத் தலைகீழ். சென்னையை எண்கள் மாறிப்போய் அட்சரேகை 80.27, தீர்க்கரேகை 13.08 என்று கொடுத்தால், புள்ளி ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே போய் விழும். தாளில் குறிக்கும் முன் ஒவ்வொன்றையும் (80.27, 13.08) என்று திருப்பி எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே அச்சுகள் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் எல்லா ஊர்களும் ஒரு மூலையில் குவிந்துவிடும். எக்ஸ் அச்சை 76-லும் ஒய் அச்சை 8-லும் தொடங்கி, தொடக்கத்தில் அச்சை நெளித்து முறிவுக்குறி போடுங்கள். 2 செ.மீ. = 1 பாகை. சென்னை வலப்பக்கம் (80.27 − 76) × 2 = 8.5 செ.மீ., மேலே (13.08 − 8) × 2 = 10.2 செ.மீ. கோவை 1.9, 6.0. திருச்சி 5.4, 5.6. மதுரை 4.2, 3.9. யாழ்ப்பாணம் 8.0, 3.3. கன்னியாகுமரி 3.1, 0.2. தொடக்க மதிப்பைக் கழிப்பதை மறந்தால் புள்ளி தாளுக்கு வெளியே போய்விடும், அதனால் அந்தத் தவறு தானே வெளிப்படும். படிக்கும்போது தொடக்க மதிப்பைத் திரும்பக் கூட்ட மறப்பதுதான் சத்தமில்லாமல் நடக்கும்.

ஓர் அட்சரேகைப் பாகை ஏறக்குறைய 111 கி.மீ.; இந்தத் தாளில் 1 மி.மீ. என்பது சுமார் 5.5 கி.மீ. பென்சில் பொட்டு ஒன்றே ஒரு சிற்றூரை மூடிவிடும். சென்னைப் புள்ளிக்கும் மதுரைப் புள்ளிக்கும் இடையே அளந்தால் 7.6 செ.மீ. வரும், அதாவது 420 கி.மீ.யை ஒட்டி. வான்வழித் தூரமும் ஏறக்குறைய அதுவே. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் பகுதியில் தீர்க்கரேகைப் பாகையும் கிட்டத்தட்ட அதே நீளம். ஐரோப்பாவை இதே அளவுத்திட்டத்தில் வரைந்தால் நிலம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும்.

முறிவுக்குறியை எல்லா இடத்திலும் போட்டுவிடக் கூடாது. கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்கிறதா என்று பார்க்க வேண்டிய நேர்மாறல் கணக்குகளில் பூஜ்ஜியம் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

அளவுகோலால் ஒரு சோதனை

இரண்டு அச்சுகளும் 1 செ.மீ. = 1 அலகாக இருக்கும்போது (−3, −1), (1, 2) ஆகிய இரண்டையும் குறித்து இடையே அளந்து பாருங்கள். கிடை வேறுபாடு 4, செங்குத்து வேறுபாடு 3. பிதாகரஸ் தேற்றப்படி தூரம் 5. அளவுகோல் சரியாக 5 செ.மீ. காட்ட வேண்டும். 5.6 செ.மீ.க்கு மேல் காட்டினால் கிடைமட்டத்திலோ செங்குத்திலோ ஓர் அலகு பிசகியிருக்கிறது என்று கொள்ளலாம்: 3 என்ற செங்குத்து வேறுபாடு 4 ஆனால் தூரம் 5.66, 4 என்ற கிடை வேறுபாடு 5 ஆனால் 5.83. குறைவாக 4.2 முதல் 4.5 வரை காட்டினால் −1-ஐ அச்சின் மேலேயே, 0-இல், வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அப்போது வேறுபாடு 4, 2 ஆகி தூரம் 4.47 வரும், 1-ஐ ஒய் அச்சின் மேல் வைத்திருந்தால் 3, 3 ஆகி 4.24 வரும். அளவு எண்ணே பிழை இருக்கும் திசையைச் சொல்லும்.

கணினியில்

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் உள்ளீட்டு வரியில் வரிசைச் சோடியை அடைப்புக்குறியோடு தட்டினால் புள்ளி வந்துவிடும். பெயர் கொடுக்கும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுங்கள். சிறிய எழுத்தில் கொடுத்தால் அது புள்ளியாகாமல் திசையனாக எடுத்துக்கொள்ளப்படும், அம்பு ஒன்று தோன்றும்.

எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் புள்ளிகளைக் குறிக்கத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்கேட்டர் சார்ட். பெயரைப் பார்த்து லைன் சார்ட்டை எடுப்பவர்கள் அதிகம். எக்செலின் லைன் சார்ட் எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாகக் கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். (1, 2), (2, 4), (5, 10), (10, 20) ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. லைன் சார்ட்டில் 1, 2, 5, 10 நான்கும் சம இடைவெளியில் நிற்பதால் கோடு மேல்நோக்கி வளைந்து தெரியும். இடது நெடுவரிசையில் எக்ஸ், வலது நெடுவரிசையில் ஒய் என்று வைத்து ஸ்கேட்டரில் போட்டால் நேராகிவிடும்.

நிரல் எழுதித் திரையில் வரைபவர்களுக்கு இன்னொன்று. பெரும்பாலான வரைகலைத் தளங்களில் ஆதிப்புள்ளி திரையின் இடது மேல் மூலை. ஒய் கீழ்நோக்கி வளரும். 1920 × 1080 திரையில் வலது கீழ் மூலைப் புள்ளி (1919, 1079). தாளில் வரைந்த படத்தை அப்படியே கொடுத்தால் தலைகீழாக விழும். ஒய் மதிப்பை 1079-இலிருந்து கழித்துக் கொடுங்கள். தாளில் 0 இருந்த இடம் திரையின் அடிக்கு வந்துவிடும்.